வண்டி எண்ணின் வரலாறு



சாலையில் ஓடும் மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் ஓர் எண்ணைத் தாங்கிச் செல்கின்றது. அவ்வெண் யாருக்காக எழுதப்பட்டது? வண்டிக்கு உரியவருக்காக என்றே பலரும் எண்ணுவர். தெருவில் நடந்து செல்பவரின் காவலுக்காக எழுதப்பட்டது என்பதே என் துணிபு. அதன் வரலாறு இதனை விளக்கும்.

மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில் வண்டிக்காரரை ஊரார் முகத்தாலேயே அறிவர். மோட்டார் வந்தபின் நிலைமை மாறிற்று. ஒருவர்மீது மோதிய வண்டி, அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடக்கூடும். ஆகவே, 1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரக் காவல்துறை, உரியவரின் பெயரும் முகவரியும் எண்ணும் பொறித்த தகட்டை மோட்டார் வண்டிகள் தாங்க வேண்டுமென ஆணையிட்டது. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் வண்டியின் வேக வரம்பை மணிக்கு 14 மைலிலிருந்து 20 மைலாக உயர்த்தியது. அதே சட்டமே பதிவெண்ணையும் கட்டாயமாக்கிற்று. 1904 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. விரைந்து செல்ல உரிமை பெற்றவர், தம்மை அடையாளம் காட்டும் கடமையையும் ஏற்க வேண்டியதாயிற்று.

வண்டிகளுக்கெல்லாம் 1, 2, 3 என வரிசையாக எண்ணிட்டால் என்ன? எண் நீண்டுகொண்டே போகும். விரைந்தோடும் வண்டியின் எட்டு இலக்கங்களைக் கணப்பொழுதில் யாரால் மனத்திற்கொள்ள இயலும்? இதற்குத் தீர்வாக, இடத்தை எழுத்தாலும் வண்டியை எண்ணாலும் குறிக்கும் முறை தோன்றியது. பிரிட்டனில் மக்கள்தொகை வரிசைப்படி லண்டனுக்கு ‘ஏ’, லங்காஷயருக்கு ‘பி’ என எழுத்துகளைப் பங்கிட்டனர்.

நம் நாட்டிலும் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு மாகாணத்திற்கும் எழுத்துகளை ஒதுக்கிற்று. சென்னை மாகாணத்து வண்டிகள் எம்.எஸ்., எம்.டி. முதலிய எழுத்துகளைத் தாங்கின. 1969-இல் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றபின், ‘டி’யில் தொடங்கும் எழுத்துகள் வந்தன. இன்றுள்ள முறை, 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப்பட்டது. முதலில் மாநிலத்திற்கு இரண்டு எழுத்துகள்; அடுத்து, பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். டி.என். 38 கோவை வடக்கு, டி.என். 59 மதுரை வடக்கு, டி.என். 72 திருநெல்வேலி. அதன்பின் வரிசை எழுத்துகளும், இறுதியில் நான்கு இலக்கங்கள் வரையிலான எண்ணும் வரும்.

இதனைக் கணக்கு வகுப்பில் பெருக்கிப் பார்க்கச் சொல்வது என் வழக்கமாக இருந்தது. ஐ, ஓ என்னும் எழுத்துகள் 1, 0 என மயங்குமாதலின் விலக்கப்படுகின்றன. எஞ்சிய 24 எழுத்துகளால் 576 இணைகள் அமையும். இணை ஒன்றுக்கு 9,999 எண்கள். ஆகவே, ஓர் அலுவலகம் ஈரெழுத்து வரிசையில் மட்டும் 57,59,424 வண்டிகளைக் குறிக்கலாம். கண்ணால் பற்றுவதற்கு எளிய சிறு தகட்டில் இத்தனையும் அடங்கிவிடுகின்றன!

நாட்டின் வரலாறும் இத்தகடுகளில் பதிந்துள்ளது. உத்தராஞ்சல் 2007-இல் உத்தராகண்ட் ஆனபோது, யு.ஏ. என்பது யு.கே. ஆயிற்று. ஒரிசா 2011-இல் ஒடிசா ஆகவே, மறு ஆண்டு ஓ.ஆர். என்பது ஓ.டி. என மாறியது. 2014-இல் பிறந்த தெலங்கானா டி.எஸ். என எழுதி, 2024-இல் டி.ஜி. என மாற்றிக்கொண்டது. முன்னரே பதிவான வண்டிகளோ பழைய எழுத்துகளுடனேயே ஓடுகின்றன. 2021-இல் வந்த பி.எச். வரிசையில் மாநிலத்தின் பெயரே இல்லை. பணியின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் செல்வோருக்காக அது அமைந்தது.

இனி, தகடு மறைந்தால் நேரும் இழப்பைக் கருதுங்கள். மோதிய வண்டி இன்னதென்று தெரிந்தால், அதன் காப்பீட்டிலிருந்து, இறந்தவரின் வயதையும் வருவாயையும் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கும். வண்டி தெரியாவிடில், 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி அக்குடும்பத்திற்குக் கிட்டுவது இரண்டு லட்சம் ரூபாயே. உழைத்துக் காத்தவரை இழந்த வீட்டில், பிள்ளைகளின் படிப்பே இவ்வேறுபாட்டால் நின்றுபோகலாம்.

எண்களை வளைத்துச் சித்திரம்போல் எழுதுவதை அழகென்று சில இளைஞர் கருதுகின்றனர். சேறு படிந்த தகட்டைத் துடையாமலே ஓட்டுவோரும் உளர். நாளை வண்டி ஓட்டப்போகும் நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். சாலையில் விபத்தைக் காண நேர்ந்தால், அடிபட்டவருக்கு உதவுங்கள். ஓடும் வண்டியின் கடைசி நான்கு இலக்கங்களையேனும் மனத்தில் இருத்தி, உடனே எழுதி வையுங்கள். முகமறியாத ஒரு குடும்பத்திற்கு அதுவே பேருதவியாகும்.