மகப்பேற்றுக்குப் பிந்தைய மனநலச் சிக்கல்களின் வரலாறு

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனநலச் சிக்கல்கள் என்பவை குழந்தை பெற்ற தாய்க்கு ஏற்படும் மனத்துயர், மனச்சோர்வு, உளப்பிறழ்வு ஆகியவற்றைக் குறிக்கும். மனத்துயர் சில நாள்களில் தானே நீங்கும். மனச்சோர்வு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும். உளப்பிறழ்வு ஆயிரம் பேரில் ஓரிருவருக்கே வரும். எனினும் உடனடி மருத்துவம் தேவை.

தொடக்கக் காலம்

பிள்ளை பெற்றபின் சித்தம் கலங்கிய பெண்களைப் பற்றிய குறிப்புகள் கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரில் வழங்கும் நூல்களிலேயே உள்ளன. பிரான்சு நாட்டு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே 1858-இல் இதற்கெனவே ஒரு தனி நூல் வெளியிட்டார். கருவுற்றோர், பிள்ளை பெற்றோர், பாலூட்டுவோர் என மூன்று நிலைகளிலும் வரும் மனநோய்களை அதில் ஆராய்ந்தார். 1980-இல் தொடங்கிய பன்னாட்டு மருத்துவர் சங்கம் அவர் பெயரையே சூடியது.

சட்டத்தில் மாற்றம்

இங்கிலாந்தில் பெற்ற குழந்தையைக் கொன்ற தாய்க்கும் கொலைக் குற்றத்துக்குரிய மரண தண்டனையே தீர்ப்பாக இருந்தது. மகப்பேற்றால் மனநிலை குலைந்த தாய் பச்சிளங்குழந்தையைக் கொன்றால், அதைக் கொலையைவிடக் குறைந்த குற்றமாகக் கருத 1922-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1938-இல் இது 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

கண்டறியும் முறை

உளப்பிறழ்வு வெளியே தெரியும்; மனச்சோர்வோ வீட்டுக்குள்ளேயே மறைந்து கிடந்தது. 1968-இல் பிரைசு பிட் என்னும் பிரித்தானிய மருத்துவர் அதை ஆராய்ந்து எழுதினார். 1987-இல் ஜான் காக்சும் உடன் பணியாற்றியோரும் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டனர். இதில் 10 வினாக்கள். மொத்த மதிப்பெண் 30. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது கடைசி வினா. மதிப்பெண் மிகுந்தால் நோய் உறுதி என்று பொருளன்று. மருத்துவர் மேலும் ஆராய வேண்டும் என்பதே பொருள்.

தமிழ்நாடும் இந்தியாவும்

வேலூர் வட்டாரக் கிராமத் தாய்மாரிடம் நடந்து, 2002-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டதைக் காட்டியது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ பிணக்கு, கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை இதனோடு தொடர்புள்ளவையாகக் காணப்பட்டன. தாய்வீட்டுக்கு அனுப்புவதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் போதாது என்பதை இது உணர்த்துகிறது.

பெங்களூரு நிம்ஹான்சு நிறுவனம் 2009-இல் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக அனுமதித்து மருத்துவம் செய்யும் பிரிவைத் தொடங்கியது. தாயின் குறையாகவும் பேய்க்கோளாறாகவும் பேசப்பட்ட துன்பம், இவ்வாறு மருத்துவத்தால் தீர்க்கக்கூடிய நோயாக ஏற்கப்பட்டது.