மௌனம் சம்மதமான கதை: தில்லித் தீர்ப்புகளில் தனியுரிமையும் விளம்பரச் சந்தையும்

இந்தியத் தனியுரிமைச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பையே அதன் உச்சமாகக் காட்டுவது வழக்கம். விளம்பரச் சந்தையின் பக்கமிருந்து பார்த்தால் அந்த வரலாறு வேறு பாதையில் போகிறது. வணிகரின் கையைப் பிடித்து நிறுத்தியவை பெரும்பாலும் தனியுரிமைத் தீர்ப்புகள் அல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையும் போட்டிச் சட்டமும்தான். அவை அனைத்தும் தில்லியில் எழுந்தவை. வாடிக்கையாளரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்ற கேள்வி அவற்றுள் தொடர்ந்து வருகிறது.

தொடக்கத்தில் வணிகர் வழக்கின் மறுபக்கத்தில் நின்றார். 1953இல் தில்லி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் ஆணைப்படி டால்மியா குழும நிறுவனங்களில் சோதனை நடத்தி ஆவணங்களைக் கைப்பற்றினார்கள். அதை எதிர்த்த வழக்கில், அரசமைப்பில் இல்லாத தனியுரிமையை வலிந்து புகுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் 1954 மார்ச்சில் சொன்னார்கள். 1962இல் கரக் சிங் வழக்கில், போலீசார் நள்ளிரவில் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவது செல்லாது என்ற ஆறு நீதிபதி அமர்வின் பெரும்பான்மையும் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. இரண்டிலும் எதிராளி அரசு.

விளம்பரதாரர் இந்தக் கதைக்குள் வந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கின் வழியாக. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் இதழ் தொடர்ந்த ராஜகோபால் வழக்கில் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால், ஒருவரது பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதைத் தனியுரிமை மீறலுக்கு எடுத்துக்காட்டாக நீதிபதி ஜீவன் ரெட்டி அதில் எழுதியிருக்கிறார். அந்த வரிக்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

செல்பேசி பரவியதும் கடன் அட்டை விற்பவர்களின் அழைப்புகள் பெருகின. 2005இல் ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2007இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், விளம்பர அழைப்பு வேண்டாதவர்களுக்காகத் தேசியப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. வேண்டாம் என்று பதியாதவர் வேண்டும் என்கிறார் என்பதே அதன் அடிப்படை. சுமை வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. 2010ஆம் ஆண்டின் புதிய விதிமுறைகள் 2011 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு நாளைக்கு இத்தனை குறுஞ்செய்திதான் என்ற உச்சவரம்பும் அவற்றுடன் வந்தது. விளம்பரத்தைத் தடுக்கப் போட்ட வேலி சாதாரண மக்களின் பேச்சையும் தடுக்கிறது என்று கண்ட தில்லி உயர் நீதிமன்றம், வணிகம் சாராத செய்திகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது என 2012 ஜூலையில் தீர்ப்பளித்தது.

மௌனத்தைச் சம்மதமாக்கும் இதே ஏற்பாடு 2016இல் பெரிய உருவில் திரும்பியது. 2014இல் வாட்ஸ்அப்பை வாங்கிய ஃபேஸ்புக் நிறுவனத்துடன் பயனர் தகவல்களைப் பகிரப்போவதாக ஆகஸ்ட் 25 அன்று அறிவிப்பு வந்தது. மறுக்க முப்பது நாள் அவகாசம். அதற்குள் ஒன்றும் செய்யாதவர் சம்மதித்தவர். இரு மாணவர்கள் தில்லி உயர் நீதிமன்றம் சென்றார்கள். தலைமை நீதிபதி ரோகிணி தலைமையிலான அமர்வு செப்டம்பர் 23 அன்று ஒரு நடுவழியை எடுத்தது. செப்டம்பர் 25க்கு முன் கணக்கை நீக்கியவர்களின் தகவல்களை அழிக்க வேண்டும்; தொடர்பவர்களின் விஷயத்தில் அந்த நாள் வரையிலான தகவல்களைப் பகிரக் கூடாது. அதற்குப் பிந்தையவற்றுக்குத் தடையில்லை. தனியுரிமை அடிப்படை உரிமையா என்பதே அப்போது உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அதற்கு ஒருமனதாக ஆம் என்றார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கௌல், நாம் எங்கே போகிறோம் என்பதும் யாரோடு பழகுகிறோம் என்பதும் தனியார் நிறுவனங்களுக்குத் தெரிகிறது என்று தன் தனித் தீர்ப்பில் விரிவாக எழுதினார். ஆயினும் அடிப்படை உரிமைக்காக நீதிமன்றம் போகிறவர் முதன்மையாக அரசைத்தான் எதிர்க்க முடியும். தனியாரைக் கட்ட நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

காத்திருந்த அந்த ஆண்டுகளில் திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வாட்ஸ்அப்பின் 2016 கொள்கை பற்றிய புகாரை, தகவல் தொழில்நுட்பச் சட்ட மீறல் தன் வரம்பில் வராது என்று கூறி 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது இந்தியப் போட்டி ஆணையம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் மறுப்பதற்கான வாய்ப்பையே நீக்கிய புதிய கொள்கையை அறிவித்ததும், அதே ஆணையம் மார்ச் 24 அன்று தானாகவே விசாரணைக்கு உத்தரவிட்டது. நான்கு ஆண்டுகளில் மாறியது அதன் பார்வை. இலவசச் சேவையில் விலை கிடையாது. ஆகவே நிறுவனங்கள் தரத்தில்தான் போட்டியிட வேண்டும். தனியுரிமைப் பாதுகாப்பு அந்தத் தரத்தின் ஒரு கூறு. போக வேறிடமில்லாத பயனரிடம் அதைக் குறைப்பது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். கூடவே, இப்படிக் குவியும் தகவல்கள் இணைய விளம்பரச் சந்தையில் போட்டியாளர்கள் நுழைய முடியாதபடி செய்கின்றன. 2024 நவம்பர் 18 அன்று ஆணையம், ஃபேஸ்புக்கின் புதிய பெயரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்து, விளம்பரத்துக்காகத் தகவல்களைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது.

இடையே ஒரு வேடிக்கையும் நடந்தது. புதிய கொள்கையை ஏற்காதவர்களுக்கும் சேவை குறையாது என்று வாட்ஸ்அப் அரசுக்கு உறுதியளித்திருந்தது பலருக்குத் தெரியவில்லை. அதை ஐந்து தேசிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமாக இருமுறை வெளியிடும்படி 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பர் 4 அன்று அபராதத்தை உறுதிசெய்து, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. பத்து நாட்களுக்குள் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளும் வெளியாயின. தெளிவான செயலால் காட்டப்படாத சம்மதம் செல்லாது என்கிறது அச்சட்டம்; குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடை செய்கிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். தகவல் கசிவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இதே சட்டம் நீக்குகிறது. அதற்கு ஈடாக, பாதிக்கப்பட்டவர் கைக்கு எதுவும் வரும்படியான பிரிவு புதிய சட்டத்தில் இல்லை.