மைசூர் ராக்கெட்

மைசூர் ராக்கெட் என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் கையாண்ட, வெடிமருந்தால் உந்தப்படும் போர்க்கருவி. மூங்கில் கழியிலோ வாளலகிலோ கட்டி ஏவப்பட்டது. இதன் முதன்மைச் சிறப்பு இரும்பு உறை. காகித உறையைவிட மிகுந்த உள்ளழுத்தத்தைத் தாங்கியதால் உந்துவிசையும் வீச்சும் கூடின.

ஆயினும் இதைப் படைவலிமையாக்கியது உலோகம் மட்டுமன்று, அமைப்பும்தான். ராக்கெட் வீரர்கள் தனிப் பிரிவுகளாகப் பயிற்றப்பட்டு, காலாட்படை அணிகளுடன் இணைக்கப்பட்டனர். திப்புவின் ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ என்னும் படைக் கையேடு இப்பிரிவுகளுக்கு இடம் வகுத்தது. காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று தளபதி பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மைசூர்ப் படையிடம் அழிந்தது. அங்கு வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதற்கு ராக்கெட்டுகளே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குச் சென்றன. உல்விச் படைக்கலச் சாலையில் வில்லியம் காங்கிரீவ் நடத்திய சோதனைகளிலிருந்து காங்கிரீவ் ராக்கெட் உருவானது. மைசூரில் திப்புவின் ஆட்சியுடன் மறைந்த கலை, நிலையான ஆய்வுக்கூடமும் ஆலையும் இருந்த பிரிட்டனில் வளர்ந்தது. பிரிட்டிஷ் படைகள் காங்கிரீவ் ராக்கெட்டை 1807இல் கோபன்ஹேகன் மீதும் 1814இல் பால்டிமோர் மீதும் ஏவின.