பாட்டி பேருக்குள்ள ஒரு ‘ள’

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு உயிர்க்குறியைப் பத்தி. ‘கௌ’, ‘மௌ’, ‘சௌ’ல வர்ற ஔகாரக் குறி.

நான் திண்டிவனத்துக்காரன். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும்போது, முதியோர் பென்ஷன் விஷயமா பாட்டியைக் கூட்டிக்கிட்டு விழுப்புரத்துல ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பாட்டி பேரு கௌரி. அங்க இருந்தவர் பேரைத் தட்டிப் பார்த்துட்டு, “அப்படி ஒரு பதிவே இல்லையே தம்பி”ன்னார். கையில இருந்த பிரிண்ட் அவுட்ல அதே பேரு அச்சாகியிருக்கு. திரையிலயும் அதே பேருதான். ஆனா கம்ப்யூட்டர் இல்லைங்குது.

காரணத்தை அன்னைக்கு ராத்திரி பைத்தான்ல எழுத்தெழுத்தா பிரிச்சுப் பார்த்தப்பதான் கண்டுபிடிச்சேன். ‘கௌரி’ன்னா யூனிகோட்ல நாலு குறியீடு: க, ௌ, ர, ி. பதிவுல இருந்தது ‘கெளரி’, அஞ்சு குறியீடு: க, ெ, ள, ர, ி. கண்ணுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. கம்ப்யூட்டர் படிச்சா ரெண்டாவது ‘கெ-ள-ரி’.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? தமிழ் தட்டச்சுப் பொறியில கொம்புக்காலுக்குத் தனி விசை கிடையாது; ‘ள’ விசையையே தட்டுவாங்க. தாள்ல மை விழுந்தா போதும், அது ள-வா கொம்புக்காலான்னு யாரும் கேக்கப் போறதில்ல. கண்ணுக்குத் தெரியிற வரிசையிலதான் அடிக்கணும்: முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் ள. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுல இருந்து வந்த டாம், டாப் குறியீடுகளும் கண்ணுக்குத் தெரியிற வரிசையைத்தான் பின்பற்றின.

1991ல வந்த யூனிகோட், இந்தியாவோட இஸ்கி தரத்தைப் பார்த்து வேற வழியில போச்சு: உச்சரிக்கிற வரிசை. ‘கெ’ல கொம்பு இடப்பக்கம் தெரிஞ்சாலும், உள்ள ‘க’தான் முதல்ல. சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் எழுதுற லெப்சா 2008ல யூனிகோட்ல சேர்ந்தப்பவும் இதே ஏற்பாடுதான். இடப்பக்கம் நிக்கிற உயிர்க்குறி மெய்க்கு அப்புறம்தான் சேமிக்கப்படுது. தாய்லாந்து எழுத்தோ பழைய தட்டச்சுப் பழக்கத்தை விடாம, கண்ணுக்குத் தெரியிற வரிசையிலயே இருக்கு.

யூனிகோட்ல முழு ஔகாரக் குறிக்கு 3020ங்கிற எண். கொம்புக்கு 3014. கொம்புக்காலுக்குன்னே தனியா 3031. 3014ஐயும் 3031ஐயும் அடுத்தடுத்து வெச்சா, 3020க்குச் சமம்னு தரமே சொல்லுது; நார்மலைஸ் பண்ணினா ஒண்ணாயிடும். ஆனா ‘ள’வோட எண் 2995. அது வேற எழுத்து, எந்த நார்மலைசேஷனும் அதைத் தொடாது.

தொடவும் கூடாது. ‘கெளுத்தி’ மீன்ல இருக்கிறது நிஜமான ள. கண்ணை மூடிக்கிட்டு மாத்தினா மீன் பேரு கெட்டுடும். நான் பின்னாடி எழுதின சின்ன புரோகிராம்ல ஒரு விதி வெச்சேன்: கொம்புக்கு அப்புறம் வர்ற ள-வுக்கு உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தா அது நிஜ ள, வெறும் ள-வா இருந்தா பெரும்பாலும் ஔகாரம். ‘வெளவால்’, ‘பெளர்ணமி’ எல்லாம் இதுல மாட்டுச்சு. பெரும்பாலும்தான், அதனால கடைசியா ஒரு மனுஷக் கண்ணு பார்க்கணும். ‘ஒளவையார்’னு ஒ, ள போட்டு அடிக்கிறதும் இதே கதைதான்.

2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட டேஸ்16ங்கிற குறியீட்டையும் தரமா ஏத்துக்கிச்சு. அதுல ‘கௌ’வுக்கே முழுசா ஒரு எண். ஆனா தேடுற பெட்டியில விரல் ‘ள’வைத் தட்டினா, எந்தத் தரமும் காப்பாத்தாது.

அடுத்த வாரம் மறுபடி விழுப்புரம் பஸ் ஏறினோம். “சார், கொம்பு, ள போட்டுத் தேடிப் பாருங்க”ன்னேன். வந்துடுச்சு. பாட்டி கைநாட்டு வெக்கிறவங்க. விஷயத்தை விளக்கினதும், “எனக்குத்தான் எம் பேரு எழுதத் தெரியாது, அந்தப் பொட்டிக்குமாடா?”ன்னாங்க.

உங்க வீட்டுல சௌந்தர்யா, கௌதம், மௌனிகான்னு யாராவது இருந்தா, ஆவணத்துல இருக்கிற பேரை காப்பி பண்ணி, உள்ள எத்தனை குறியீடுன்னு எண்ணிப் பாருங்க. ‘கௌதம்’ அஞ்சுதான் வரணும். ஆறு வந்தா, உள்ள ஒரு ‘ள’ உக்காந்திருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.