பிச்சாவரம்: தண்ணீருக்கு வழிவிடும் கட்டடம்

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணம் என்ன தெரியுமா? தில்லை மரங்கள் அடர்ந்த காடாக இருந்ததுதான். ஆனால் இன்று அந்த மரத்தைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால், கோயிலிலிருந்து சுமார் 15 கி.மீ. கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். (அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தள்ளி நின்று பார்ப்பது நல்லது!)

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிறது இந்தச் சுரபுன்னைக் காடு. எம்.ஜி.ஆர். நடித்து 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. பின்னர் படகுத்துறையும் சுற்றுலாக் கட்டடங்களும் வந்தன. இப்படிப்பட்ட காட்டில் எதைக் கட்டலாம், எப்படிக் கட்டலாம்? அதற்கான விடை இந்தக் காடு அழிந்த கதையிலேயே இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, அமுங்கிப் பள்ளமாகியது. ஓதத்தில் ஏறி வந்த கடல்நீர் வடிய வழியில்லாமல் பள்ளத்தில் தேங்கியது. நீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிவிட்டது. அந்த உப்பில் கண்டல் கன்றுகூடப் பிழைக்காது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து இதற்கு வழி கண்டது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் வளர்ந்தன. அவ்வளவு எளிமையான வைத்தியம்!

ஆக, கோடரி செய்தது பாதி, தேங்கிய நீர் செய்தது மீதி. மண் கொட்டி மேடாக்கிக் கட்டடம் எழுப்பினாலும் நீரின் வழி அடைபடும். ஒரு மரத்தையும் வெட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே காட்டை அழித்துவிட முடியும்.

இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே, கண்டலம குளக்கரையில் ஜெப்ரி பாவா வடிவமைத்த ஓட்டல் 1990களில் எழுந்தது. தொடக்கத்தில் கடும் எதிர்ப்பு. அவர் கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தினார். மலையில் பெய்யும் மழை அடியில் ஓடிக் குளத்தைச் சேரும். அது வறண்ட நிலக் காடுதான், ஆனாலும் பாடம் ஒன்றே.

ஆனால் அங்கே இருப்பது பாறை, இங்கே இருப்பது சேறு. போதாததற்குக் கடலூர்க் கரை 2004 டிசம்பர் 26-ல் சுனாமியையும், 2011 டிசம்பர் 30-ல் தானே புயலையும் பார்த்தது. கீற்றுக் கொட்டகை சேற்றுக்கு இதமானது, காற்றுக்குத் தாங்காது. கான்கிரீட் காற்றுக்குத் தாங்கும், சேற்றுக்குப் பாரம்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதலே இத்தகைய காடுகளை மிகக் கண்டிப்பான பிரிவில் வைத்திருக்கின்றன. 2019 விதிகள் மட்டும், திட்டம் வகுத்துக் குறித்த இடங்களில் நடைபாதை, மரக்குடில் போன்றவற்றுக்கு இடம் தருகின்றன. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் தலமும் ஆனது.

நடைபாதை சரி, குடில்தான் யோசிக்க வேண்டியது. குடில் வந்தால் கழிவறை வரும், சமையலறை வரும், அவற்றின் கழிவுநீர் ஓதத்தோடு காடு முழுக்கச் சுற்றும். படகில் சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு தங்கச் சிதம்பரத்துக்கே திரும்பிவிடலாம். அங்கே விடுதிகளுக்கா பஞ்சம்?