ஒயில் கானில் உள்ள இலக்கங்கள் சொல்வது என்ன?

எங்கள் கராச்சுக்கு வரும் முச்சக்கரவண்டிக்காரர் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, எது திறமான ஒயில், நாப்பதோ அம்பதோ?" அந்த இலக்கம் தரத்தைக் குறிப்பதல்ல. ஒயில் எவ்வளவு தடிப்பானது என்பதை மட்டுமே குறிக்கிறது. இவ்வாறு வகுத்தது அமெரிக்காவின் வாகனப் பொறியியலாளர் சங்கம். கானில் உள்ள எஸ்.ஏ.ஈ. என்பது அதன் பெயர்ச் சுருக்கம்.

20டபிள்யூ-50 என்பதை எடுத்துக்கொள்வோம். 'டபிள்யூ' என்றால் குளிர்காலம். அதற்கு முன்னுள்ள இலக்கம், குளிரில் எஞ்சினை ஸ்ரார்ட் செய்யும்போது ஒயில் எவ்வளவு இறுகும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ஒயிலைச் சோதிப்பது மறை 15 பாகை செல்சியசில். 5டபிள்யூ என்றால் மறை 30இல். ரொறன்ரோவில் இருக்கும் உறவினருக்கு இது பெரிய விடயம். கிளிநொச்சியில் நாங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்னால் வரும் இலக்கத்தை. 100 பாகைச் சூட்டில், அதாவது ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குள், ஒயிலின் தடிப்பு அது. அந்தச் சூட்டில் 10டபிள்யூ-40உம் 20டபிள்யூ-40உம் ஒரே வகுப்புத்தான்.

தடிப்புக் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை, பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓடியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினோம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங் வழியே கசிந்து ஒயிலில் கலந்தது. அளவுக் கம்பியில் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, சிலவேளை கூடியும் இருக்கும். விரலில் தொட்டால் தண்ணீர் போல இருக்கும். கிராங்குக்கும் பெயரிங்குக்கும் இடையில் நிற்க வேண்டிய மெல்லிய ஒயில் படலம் அறுந்து, இரும்பு இரும்போடு உரசும்.

அதனால்தானோ என்னவோ, "தடிப்பெண்டால் நல்லது" என்ற எண்ணம் எங்களில் ஊறிவிட்டது. ஆனால் இன்றைய ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் பல 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் 50ஐ ஊற்றினால் ஸ்ரார்ட் செய்தவுடன் ஒயில் மேலே ஏறப் பிந்தும். எரிபொருளும் கூடச் செலவாகும். புகை தள்ளும் பழைய எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்றினால் புகை கொஞ்சம் அடங்கலாம், தேய்ந்த றிங் தேய்ந்தபடியே இருக்கும். விற்பதற்கு முன் இப்படிச் செய்பவர்களும் உண்டு. லீசிங்கில் பழைய ஓட்டோ எடுத்துப் பிழைக்க நினைப்பவர்கள் எஞ்சினை நன்றாகச் சூடேற ஓடவிட்டுப் பார்க்கவேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு இலக்கம் பொருந்தினாலும் கார் ஒயில் வேண்டாம். பெரும்பாலான கியர் சைக்கிள்களில் கிளச்சும் அதே ஒயிலில்தான் ஊறுகிறது. உரசலைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஒயிலில் அது வழுக்கும். கானில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா என்று பாருங்கள். உழவு இயந்திரம் போன்ற டீசல் எஞ்சின்களுக்கு, ஏபிஐ தரக் குறியீடு 'சி' எழுத்தில் தொடங்கும் ஒயிலை எடுக்கவேண்டும்.

எந்த இலக்கம் என்பது வாகனத்தின் கைநூலில் இருக்கும். அது தொலைந்திருந்தால் போனற்றைத் திறந்து, ஒயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். பல ஜப்பானிய வாகனங்களில் அதிலேயே பொறித்திருக்கிறார்கள்.