கிங்கோ: பெயரில் ஒரு பிழை, கிளையில் ஒரு பிழை

இந்த எபிசோட் ஒரு பூந்தொட்டியிலிருந்து ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆன்சைட் வேலையா நெதர்லாந்து போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீம் லீட் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பின்னாடி சின்னத் தோட்டம். அதில் ஒரு மண் தொட்டி, அதில் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் ஒரு செடி. ஒவ்வொரு இலையும் கைவிசிறி மாதிரி. அக்டோபர் கடைசி என்பதால் மொத்தமும் மஞ்சள். "புதுசா வெச்சீங்களா?"ன்னு கேட்டேன். "என் பொண்ணு பிறந்த வருஷம் வாங்கினது. அவளுக்கு இப்போ பதினாலு வயசு" என்றார்.

அது கிங்கோ. சாதாரணமா முப்பது மீட்டர் வரை போகிற மரம், கிட்டத்தட்ட பத்து மாடிக் கட்டடம். தன் வரிசையில் மிச்சமிருக்கிற ஒரே இனம்; சொந்தக்கார மரங்கள் எல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு. சுமார் 17 கோடி வருஷம் பழைய பாறைகளில் கிங்கோ இலைகளின் அச்சு கிடைக்கிறது. டைனோசர் காலத்து மரம் முழங்கால் உயரத்தில் எப்படி நிக்கும்? "போன்சாயா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "இதை யாரும் வெட்டிக் குள்ளமாக்கல. இதோட சுபாவமே இதுதான்."

ஊருக்கு வந்தும் இது மண்டைக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருந்தது. தேடிப் படிச்சப்போ ரெண்டு பிழைகள் கிடைச்சது. ஒண்ணு மரத்தின் பெயரில். இன்னொண்ணு ஒரு கிளையில். ரெண்டையும் யாரும் திருத்தல.

முதல்ல பெயர். 1690 செப்டம்பரில் நாகசாகி துறைமுகத்தில் ஒரு ஜெர்மன் டாக்டர் வந்து இறங்குகிறார். எங்கல்பெர்ட் கெம்ஃபர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். அன்றைய ஜப்பான் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களோடு மட்டும்தான் வியாபாரம் வைத்திருந்தது. அவர்களையும் ஊருக்குள் விடவில்லை. தெஜிமா என்கிற செயற்கைத் தீவில் வைத்திருந்தது. கரைக்குப் போக ஒரே பாலம், அதில் காவல். அந்தத் தீவோட வடிவம் என்ன தெரியுமா? விசிறி. கிங்கோ இலை மாதிரியே. கதைக்காகச் சேர்க்கல, பழைய மேப் எடுத்துப் பாருங்க.

கெம்ஃபருக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. ஜப்பானுக்குப் போகிற வழியில் மலபார் கரையில் தங்கினார். அங்கே கால் வீங்குகிற ஒரு நோயைப் பார்த்தார். 1694இல் லைடன் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் அந்த நோய்க்கு 'பெரிகால்' என்றே தலைப்பு வைத்தார். பெரிய கால்! ஊர் வாயில் வந்த சொல்லை அப்படியே பிடித்து எழுதுகிற ஆள்.

ஜப்பானிலும் அதையேதான் செய்தார். இந்த மரத்தின் பெயரை 'வெள்ளி ஆப்ரிகாட்' என்று பொருள் தரும் ரெண்டு சீன எழுத்துகளால் எழுதுவார்கள். அதைப் பல விதமாக வாசிக்கலாம். ஒரு வாசிப்பு 'கின்க்யோ'. ஆனா 1712இல் வெளியான அவருடைய லத்தீன் புத்தகத்தில், ஆங்கில எழுத்தில் 'ஒய்' வரவேண்டிய இடத்தில் 'ஜி' விழுந்துவிட்டது. கின்க்யோ, கிங்கோ ஆனது. அச்சுக்கோர்த்தவர் பிழை என்பதுதான் எல்லாரும் சொல்கிற கதை. இன்னொரு தரப்பு, அவருக்கு உதவியாளராக இருந்த இமாமுரா கென்எமோன் என்ற நாகசாகி இளைஞரின் வட்டாரப் பேச்சைக் காதில் விழுந்தபடி எழுதினார் என்கிறது. பெரிகால் எழுதினவர் என்பதால் எனக்கு ரெண்டாவதுதான் நம்பும்படி இருக்கு.

எப்படியோ, 1771இல் லின்னேயஸ் அதே எழுத்துகளோடு 'கிங்கோ பிலோபா' என்று பதிவு செய்தார். அவ்வளவுதான், முடிஞ்சது. வெப் டெவலப்பர்களுக்கு இது புரியும். எச்டிடிபியில் 'ரெஃபரர்' என்கிற ஹெடரில் ஒரு 'ஆர்' விட்டுப்போய், இன்னைக்கும் உங்க பிரவுசர் அந்தத் தப்பான ஸ்பெல்லிங்கைத்தான் அனுப்புது. ப்ரொடக்ஷனுக்குப் போன பிறகு யார் திருத்துவது?

இனி கிளை. அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். கிங்கோவில் ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. பெண் மரத்தின் பழுத்த விதை கீழே விழுந்து நசுங்கினால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும், ப்யூட்டிரிக் அமிலம். அதனால் நகரங்கள் ஆண் மரமாகத் தேடி நடும். விதை போட்டால் ஆணா பெண்ணான்னு தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். அதனால் ஒட்டுக் கட்டுகிறார்கள், நம்ம ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரியே. ஐரோப்பாவில் இதுக்கு நேர்மாறாவும் நடந்தது. 1814இல்தான் ஜெனீவா பக்கத்தில் அங்கே முதல் பெண் மரம் கண்ணில் பட்டது. அதிலிருந்து கிளை எடுத்து மத்த ஊர்களின் ஆண் மரங்களில் ஒட்டினார்கள்.

மனுஷன் கை வைக்காமல் இந்த மரம் தானே இனம் பெருக்குவது எவ்வளவு பெரிய வேலைன்னு கண்டுபிடிச்சவர் ஒரு ஓவியர். ஹிராசே சகுகோரோ, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படம் வரைந்து கொடுக்கும் உதவியாளர். கொய்ஷிகாவா தாவரத் தோட்டத்துப் பெண் மரத்தின் விதைகளை வெட்டி வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வசந்தத்தில் காற்றில் வந்த மகரந்தம், உள்ளே மாதக்கணக்கில் காத்திருக்கிறது. பிறகு ஆண் அணுக்கள் வெளியே வந்து, ஒரு துளி திரவத்தில் நீந்திப் போகின்றன. விதை தரும் ஒரு மரத்தில் நீந்தும் ஆண் அணுவை உலகத்தில் முதல்முறை பார்த்தவர் அவர். அது 1896. அடுத்த வருஷமே பல்கலைக்கழகத்தை விட்டு ஹிகோனே ஊரில் பள்ளி ஆசிரியராகப் போய்விட்டார். பெரிய பரிசு 1912இல்தான் வந்தது. அந்த மரம் இன்னும் அங்கே நிக்குது. (ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பிறகு துளிர்த்த கிங்கோக்களைப் பற்றிக் கேட்பீங்க. அது தனி எபிசோட்.)

இப்போ அந்தத் தொட்டி. உயரமான மரங்களில் எப்போதாவது ஒரே ஒரு மொட்டில் வளர்ச்சி தடம் மாறும். அந்த இடத்தில் மட்டும் குட்டைக் குச்சிகள் கொத்துக் கொத்தாக அடர்ந்து வரும். ஐரோப்பாவில் இதுக்குப் பேர் சூனியக்காரி துடைப்பம். சிலது நோயால் வரும். சிலது அந்த மொட்டின் மரபணுவிலேயே நடந்த மாற்றம். அப்படிப்பட்ட கிளையை ஒட்டுக் கட்டினால், அது கடைசி வரை குள்ளமாகவே இருக்கும். 1995இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துக் கிங்கோ ஒன்றில் இப்படி ஒரு துடைப்பம் கிடைத்தது. வெட்டி ஒட்டினார்கள். 'மரிக்கென்' என்று பேர் வைத்தார்கள். மரிக்கென், 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து டச்சு நாடகம் ஒன்றில் சாத்தானோடு ஏழு வருஷம் வாழ்கிற நைமேகன் பெண். சூனியக்காரி துடைப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

லீட் வீட்டுத் தொட்டியில் இருந்தது மரிக்கென்தான். உலகத்தில் எத்தனை மரிக்கென் இருந்தாலும் எல்லாம் அந்த ஒரே கிளை. எனக்கு உறுத்துவது இங்கேதான். ஒரு ஃபைலை ஆயிரம் சர்வரில் காப்பி பண்ணினால் பேக்கப்னு சொல்லிக்கலாம். ஃபைலுக்குள் ஓட்டை இருந்தால் ஆயிரம் இடத்திலும் அதே ஓட்டை. தெருத்தெருவா நிக்கிற கிங்கோ, இயல்பான காட்டில் சீனாவின் சில மலைகளில் மட்டும்தான் மிச்சம். சர்வதேசப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் இருக்கிற இனம். இதை லீட்கிட்ட கால் பண்ணிச் சொன்னேன். "கோயில் வாசலில் மனுஷங்க நட்டு வளர்க்கலைன்னா அதுவும் மிஞ்சியிருக்குமா?"ன்னு திருப்பிக் கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

சென்னை மொட்டை மாடியில் வளர்க்கலாமான்னு மெசேஜ் போடாதீங்க. இலை உதிர்த்துத் தூங்க அதுக்கு நிஜமான குளிர்காலம் வேணும்.

அன்னைக்குக் கிளம்பும்போது தொட்டிக்குள் இன்னொண்ணு பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே, வேர் கொடுக்கிற சாதாரணக் கிங்கோவிலிருந்து ஒரு குச்சி நேரா மேலே கிளம்பியிருந்தது. ஒரே கோடைக்குள் குள்ள மரத்தின் பாதி உயரம். லீட் பாக்கெட்டிலிருந்து கத்தரியை எடுத்து, பேச்சை நிறுத்தாமலே அதை அடியோடு வெட்டினார். "வருஷா வருஷம் வரும்" என்றார்.